இணையத்தில் பணம் கட்டி ஏமாறாமல் இருக்க: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில் கடைத்தெருப் பக்கம் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். திரை உடைந்தது, பேட்டரி நிற்கவில்லை என்று வருபவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர், "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ஒரு மெசேஜை நீட்டுபவர்கள். சேலை வரவில்லை, பார்சலுக்கு வரி கேட்கிறான், கணக்கில் இருந்தது போய்விட்டது. தீபாவளிக்கு முந்தின மாதம் இந்தக் கூட்டம் இன்னும் அதிகம். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுதி வைத்ததுதான் இது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, வங்கிக்காரனும் இல்லை. ஒரு தடவை ஏமாந்தவன். அந்தக் கதை 4-ஆம் கேள்வியில் வருகிறது.

1. இணையத்தில் வாங்குவதே ஆபத்துதானா? பேசாமல் கடைக்கே போய்விடலாமா?

வாங்கலாம். என் கடைக்கு வேண்டிய திரை, பேட்டரி எல்லாம் நானே இணையத்தில்தான் வாங்குகிறேன். பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பொருள் என் கைக்கு வரும்வரை என் பணம் யார் கையில் இருக்கும்?

ஷாப்பி, லசாடா, டிக்டாக் ஷாப் மாதிரி இடங்களில் நீங்கள் கட்டுவது கடைக்காரருக்கு உடனே போகாது. நடுவில் அந்த நிறுவனம் பிடித்து வைத்திருந்து, பொருள் வந்து சேர்ந்த பிறகுதான் விடும். முகநூலிலோ வாட்சாப்பிலோ பேசி முடித்து வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பினால், அடுத்த நொடியே அது அவருடைய பணம். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

2. ஷாப்பியில் பார்த்த கடைக்காரர், "வாட்சாப்புக்கு வாங்க, 20 வெள்ளி குறைச்சுத் தர்றேன்" என்கிறார். போகலாமா?

வேண்டாம். அந்த 20 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) நீங்கள் விற்பது மேலே சொன்ன பிடிமானத்தை. வெளியே போய்க் கட்டிய பணத்துக்கு ஷாப்பி பொறுப்பேற்காது, ஏற்கவும் முடியாது. ஷாப்பியில் கடை இருக்கிறது என்பதைக் காட்டி நம்ப வைத்துவிட்டு, பணத்தை மட்டும் வெளியே வாங்குவது பழைய வித்தை.

3. பொருள் வந்ததும் "ஆர்டர் ரிசீவ்ட்" அழுத்தச் சொல்கிறார்கள். அழுத்திவிடலாமா?

பெட்டியைத் திறந்து, பொருளைப் போட்டுப் பார்த்த பிறகு அழுத்துங்கள். அழுத்திய கணத்தில் பிடித்து வைத்த பணம் விடுதலையாகிவிடும். "சீக்கிரம் அழுத்துங்க அக்கா, கூப்பன் தர்றோம்" என்று கடைக்காரர் அவசரப்படுத்தினால் இன்னும் நிதானமாக இருங்கள். அதற்காக மறந்தும் போய்விடக் கூடாது. குறிப்பிட்ட நாள் கடந்தால் பணம் தானாகவே அவருக்குப் போய்விடும். பிரச்சினை இருந்தால் அந்தக் கெடுவுக்குள் ஆப்பிலேயே திருப்பிக் கேட்க வேண்டும்.

விலை கூடிய பொருள் என்றால் பெட்டியை வெட்டுவதற்கு முன்பே வீடியோவை ஓடவிடுங்கள். மேலே ஒட்டிய பார்சல் எண் தெரிய வேண்டும், வெட்டியதிலிருந்து பொருள் வெளியே வரும்வரை ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். கைப்பேசிப் பெட்டிக்குள் சவர்க்காரக் கட்டி வந்த ஒரு தம்பிக்குப் பணம் திரும்பியது அப்படி ஒரு வீடியோவால்தான்.

4. முகநூலில் ஒரு சேலைக் கடை. படமெல்லாம் அருமை, விலையும் பாதி. நிஜக் கடையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் என் கதை. இரண்டு வருஷத்துக்கு முன் மனைவி மாவு அரைக்கும் கிரைண்டர் கேட்டாள். முகநூலில் ஒரு பக்கம்: கடையில் 500 வெள்ளிக்கு மேல் போகும் இயந்திரம் 240 வெள்ளிக்கு, பொங்கல் சலுகை, இன்னும் மூன்றே மூன்றுதான் பாக்கி. கீழே "வந்துருச்சு, சூப்பர்" என்று முப்பது கருத்துகள். அனுப்பினேன். இரண்டு நாளில் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். பிறகு உட்கார்ந்து பார்த்தால், கருத்துப் போட்ட கணக்குகள் எதிலும் ஒரு குடும்பப் படம்கூட இல்லை. நாள் முழுக்க அடுத்தவர் கைப்பேசியைச் சரிபார்க்கிறவன் நான். சொல்லவே வெட்கமாக இருந்தது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முகநூல் பக்கத்தில் "பேஜ் டிரான்ஸ்பரன்சி" என்று ஒரு பகுதி இருக்கும். பக்கம் எப்போது திறந்தது, முன்பு என்ன பெயர், எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்பது அதில் தெரியும். மூன்று மாதத்துக்கு முன் பூனைப் படப் பக்கமாக இருந்தது இன்று காஞ்சிபுரம் பட்டு விற்றால் புரிந்துகொள்ளுங்கள். சேலைப் படத்தை கூகிள் லென்ஸில் போடுங்கள். அதே படம் இந்தியக் கடை நாலைந்தில் வந்தால், இவரிடம் அந்தச் சேலை இருக்கிறது என்பதற்கு ஆதாரமே இல்லை. "இன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, சேலை மேல் வைத்துப் படம் அனுப்புங்க" என்று கேளுங்கள். நிஜக் கடைக்காரருக்கு அது ஒரு நிமிஷ வேலை.

அப்புறம் பதிவு எண். இணையத்தில் விற்பவர் தன் பெயர், பதிவு எண், முகவரி, தொடர்பு எண், முழு விலை எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2013-லிருந்தே விதி இருக்கிறது. பதிவு எண்ணை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம்.மின் தளத்தில் தேடலாம். இப்போதுள்ள 12 இலக்க எண்ணின் முதல் நான்கு இலக்கம் பதிவான வருஷம். "1998 முதல் உங்கள் சேவையில்" என்று பலகை போட்ட கடையின் எண் 2024 என்று தொடங்கினால், அந்த 26 வருஷம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். வீட்டில் இருந்து முறுக்கு, நகை, சேலை விற்கும் நம் அக்காமார் எல்லாரும் பதிவு செய்திருக்க மாட்டார்கள், அது உண்மைதான். அப்படிப்பட்டவரிடம் தெரிந்தவர் மூலமாக வாங்குங்கள், அல்லது நேரில் போய் வாங்குங்கள்.

5. செமாக் மியூலில் கணக்கு எண்ணைப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. நல்ல ஆள்தானே?

செமாக் மியூல் என்பது போலீஸின் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறை நடத்தும் தளம். வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண், நிறுவனப் பெயர் இவற்றைப் போட்டு, ஏற்கெனவே புகார் வந்ததா என்று பார்க்கலாம். வந்திருந்தால் அத்தோடு கதை முடிந்தது, அனுப்பாதீர்கள்.

ஒன்றும் வரவில்லை என்றால், இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். இன்று காலை கைமாறிய கணக்கில் எப்படிப் புகார் இருக்கும்? நான் பணம் அனுப்பிய கணக்கும் அன்று சுத்தமாகத்தான் இருந்தது.

6. பணம் அனுப்பப் போகும்போது திரையில் வேறு ஒருவர் பெயர் வருகிறது. கேட்டால் "அது எங்க அக்கவுண்டன்ட்" என்கிறார்கள்.

நிறுத்திவிடுங்கள். டூயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவையில் கடைசி அழுத்தலுக்கு முன் பெறுபவர் பெயரைக் காட்டுவதே இதற்காகத்தான். கடையின் பெயர் ஏதோ டெக்ஸ்டைல்ஸ். திரையில் வருவது ஊர் பேர் தெரியாத ஒரு தனி மனிதரின் பெயர். கணக்காளர், மைத்துனர், "கம்பெனி கணக்கு ஆடிட்டில் இருக்கு" என்று எந்தக் காரணமும் வேண்டாம். பெரும்பாலும் அது கழுதைக் கணக்கு, அதாவது காசுக்கு வாடகை விட்ட கணக்கு. 16-ஆம் கேள்வியையும் பாருங்கள்.

என் கிரைண்டர் விஷயத்திலும் பெயர் வேறாகத்தான் வந்தது. பார்த்தேன். பார்த்தும் அழுத்தினேன்.

கியூஆர் குறியீட்டுக்கும் இதே கதைதான். அங்காடிக் கடையில் ஒட்டியிருக்கும் குறியீட்டின் மேல் வேறொன்றை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். ஸ்கேன் செய்ததும் வரும் பெயரைச் சத்தமாகப் படியுங்கள்: "அண்ணே, இது உங்க பேருதானே?" கடைக்காரருக்கும் அது உதவி.

7. கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு, எஃப்.பி.எக்ஸ். எதில் கட்டினால் நல்லது?

தெரியாத தளத்தில் முதல் தடவை வாங்குகிறீர்கள் என்றால் கிரெடிட் கார்டு. முதலில் போவது வங்கியின் பணம், உங்கள் சம்பளம் அல்ல. பொருள் வராவிட்டால் வங்கியிடம் "சார்ஜ்பேக்" கேட்கலாம், அதாவது கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம். டெபிட் கார்டிலும் கேட்கலாம்தான், ஆனால் விசாரணை முடியும்வரை காலியாக இருப்பது உங்கள் கணக்கு. இணையத்தில் வாங்குவதற்கென்றே குறைந்த வரம்புள்ள ஒரு கார்டை வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் மூடி வையுங்கள், தேவைப்படும்போது திறக்கலாம்.

எஃப்.பி.எக்ஸ் என்பது கடையின் தளத்திலிருந்தே உங்கள் வங்கிக்குள் போய்க் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் முறை. அதையும் டூயிட்நவ்வையும் நடத்துவது பேநெட் என்ற நிறுவனம். குழாய் நல்ல குழாய்தான். ஆனால் தண்ணீர் யார் வீட்டுத் தொட்டிக்குப் போகிறது என்பதைக் குழாய் பார்க்காது. அறிமுகமான கடைக்கு எஃப்.பி.எக்ஸ் தாராளமாகப் போதும்.

8. எஃப்.பி.எக்ஸ் பக்கத்தில் என் வங்கியை அழுத்தினேன். பாஸ்வேர்டு போட்டதும் "எரர்" என்றது. வேறு வங்கியில் முயலச் சொல்கிறது. முயலட்டுமா?

அங்கேயே கையை எடுங்கள். வங்கிச் சின்னங்களை வரிசையாக அடுக்கி எஃப்.பி.எக்ஸ் மாதிரியே போலிப் பக்கம் கட்டுவது எளிது. ஒரு வங்கியின் பாஸ்வேர்டு கிடைத்ததும், இன்னொன்றும் கிடைக்குமா என்று பார்க்கத்தான் அந்த "எரர்".

இரண்டு அடையாளம் சொல்கிறேன். பல வங்கிகளில் பெயரைப் போட்டதும், நீங்களே முன்பு தேர்ந்தெடுத்த படமோ சொல்லோ முதலில் வரும், அதற்கப்புறம்தான் பாஸ்வேர்டு கேட்கும். அது வராமல் நேரே பாஸ்வேர்டு கேட்டால் சந்தேகப்படுங்கள். இரண்டாவது, மேலே உள்ள முகவரி. அது உங்கள் வங்கியின் முகவரியாக இருக்க வேண்டும், எழுத்துக்கு எழுத்து. ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் 13-ஆம் கேள்விக்குப் போங்கள்.

9. வீடு சுத்தம் செய்ய ஆள் கேட்டேன். "எங்க ஆப்பை இறக்குங்க, ஒரு வெள்ளி முன்பணம் கட்டுங்க" என்று ஃபைல் அனுப்பினார்கள். ஒரு வெள்ளிதானே?

அவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு வெள்ளி இல்லை. வாட்சாப்பில் வரும் அந்த ஏ.பி.கே. ஃபைலை இறக்கி, கேட்கும் அனுமதியெல்லாம் கொடுத்தால், உங்களுக்கு வரும் எஸ்.எம்.எஸ்ஸை அவர்கள் படிக்கலாம். ஒரு வெள்ளி கட்டுவதற்காக நீங்கள் போடும் பாஸ்வேர்டும் அவர்களுக்குப் போய்விடும். பாஸ்வேர்டும், எஸ்.எம்.எஸ்ஸில் வரும் ஓ.டி.பி. என்ற ஒரு தடவை ரகசிய எண்ணும் கிடைத்தால் வேறென்ன பாக்கி? சுத்தம் செய்பவர், டுரியான் சுற்றுலா, கல்யாணப் பத்திரிகை என்று வேஷம் மாறும், வித்தை ஒன்றே. ஆப் எதுவானாலும் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள்.

2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யைக் கைவிட வேண்டும், ஒப்புதல் ஒரே கைப்பேசியில்தான் இருக்க வேண்டும், புதிதாகப் பதிவு செய்தால் காத்திருப்பு நேரம் வைக்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொன்னதற்கு இந்த மாதிரித் திருட்டுகளும் காரணம். புது போன் வாங்கிய அன்றே "பேங்க் ஆப் வேலை செய்யலை, போன் கெட்டுப் போச்சு" என்று சண்டைக்கு வருபவர்களுக்குச் சொல்கிறேன்: போன் நன்றாகத்தான் இருக்கிறது, அது காத்திருப்பு நேரம்.

இறக்கிவிட்டீர்கள் என்றால் உடனே வைஃபை, டேட்டா, சிம் மூன்றையும் துண்டியுங்கள். வேறு போனிலிருந்து வங்கியைக் கூப்பிடுங்கள். அதற்கப்புறம் போனைக் கொண்டு வாருங்கள், மொத்தமாக அழித்துத் தருகிறேன். வரிசை மாறக் கூடாது.

10. "உங்க பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, 2.90 வெள்ளி கட்டுங்க" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. நிஜமாகவே ஒரு பார்சல் வர வேண்டியிருக்கிறது.

யாருக்குத்தான் பார்சல் வர வேண்டியில்லை? அதை நம்பித்தான் அனுப்புகிறார்கள். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது. ஆனால் ஷாப்பி, லசாடா மாதிரி இடங்களில் அது வாங்கும்போதே விலையோடு சேர்ந்து பிடிக்கப்பட்டுவிடும். பிறகு லிங்க் அனுப்பி யாரும் கேட்பதில்லை.

அதைவிட விலை கூடிய பொருளுக்கு வரி வரலாம். எஸ்.எம்.எஸ்ஸில் உள்ள லிங்கை விட்டுவிட்டு, கூரியர் நிறுவனத்தின் ஆப்பை நீங்களே திறந்து பார்சல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இல்லாத வரி எங்கேயும் இல்லை.

11. நாங்கள் யாருமே ஆர்டர் செய்யாத சி.ஓ.டி. (வாசலில் காசு கொடுத்து வாங்கும்) பார்சல். அம்மா 59 வெள்ளி கொடுத்து வாங்கி வைத்துவிட்டார்.

பெயரும் முகவரியும் சரியாக இருந்ததால் பிள்ளைகள் யாரோ வாங்கியது என்று நினைத்திருப்பார். அம்மாவைத் திட்டாதீர்கள். "வீட்டு வாட்சாப்பில் முன்கூட்டிச் சொல்லாத பார்சலுக்குக் காசு கிடையாது" என்று வாசலில் எழுதி ஒட்டுங்கள். கொண்டு வந்த தம்பியிடம் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அவர் மேல் கோபப்படுவதிலும் அர்த்தமில்லை, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

12. நான் வாங்குகிறவள் இல்லை, விற்கிறவள். ரசீது அனுப்பிவிட்டு, "பணம் போட்டாச்சு, ஆள் வர்றாரு, பொருளைக் கொடுங்க" என்கிறார்கள்.

ரசீது வெறும் படம். பத்து நிமிஷத்தில் யாரும் செய்யலாம். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பாருங்கள், ஏறியிருந்தால் கொடுங்கள். "தெரியாமல் கூடுதலாப் போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க" என்றாலும் அதே பதில்தான். "பணம் பெற இந்த லிங்கில் கார்டு எண்ணைப் போடுங்க" என்பது சுத்தப் பொய். உங்களுக்குப் பணம் வர, டூயிட்நவ் எண்ணோ கணக்கு எண்ணோ போதும்.

13. பணம் போய்விட்டது, இப்போதுதான் தெரிந்தது. முதலில் என்ன செய்வது?

வங்கியின் மோசடிப் புகார் எண்ணையோ 997-ஐயோ கூப்பிடுங்கள். வங்கிகள் மோசடிக்கென்று 24 மணி நேர எண் வைத்திருக்க வேண்டும். அதை இன்றே கைப்பேசியில் சேமித்து வையுங்கள். பதற்றத்தில் கூகிளில் தேடினால் போலி எண்ணும் கிடைக்கும். 997 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையம், சுருக்கமாக என்.எஸ்.ஆர்.சி. போலீஸ், பேங்க் நெகாரா, வங்கிகள், தொலைத்தொடர்பு ஆணையம் எல்லாம் சேர்ந்தது. உங்கள் பணம் ஒரு கணக்கில் இறங்கி, அங்கிருந்து நாலு கணக்குக்குப் பிரிந்து, ஏ.டி.எம்மில் எடுக்கப்படும் முன் எங்கேயாவது மறித்துப் பிடிக்க முடியுமா என்று பார்ப்பதுதான் வேலை. அதனால் நிமிஷக் கணக்குத்தான். "முதலில் வீட்டுக்காரர் வரட்டும்" என்று சாயங்காலம்வரை காத்திருந்த ஒரு அக்காவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

பாஸ்வேர்டு போயிருந்தால் வங்கி ஆப்பில் உள்ள கில் சுவிட்சை அழுத்துங்கள், கணக்கின் இணையச் சேவை மொத்தமும் பூட்டிக்கொள்ளும்.

அப்புறம் போலீஸ் ரிப்போர்ட். எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம், பணம் பிறை என்ற ஊரில் போனது என்பதற்காக அங்கே ஓட வேண்டியதில்லை. பரிவர்த்தனை எண், நேரம், பெறுபவர் பெயர், கணக்கு எண், பேசிய மெசேஜ்கள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு போங்கள். ஆத்திரத்தில் அந்த உரையாடலை அழித்துவிட்டு வந்து, திரும்ப எடுத்துத் தரச் சொல்பவர்கள் நிறையப் பேர். பல நேரம் என்னால் முடிவதில்லை.

14. மோசடி என்று சொல்ல முடியாது. கடை நிஜம், ஆள் தெரியும். மட்டமான பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் தர மாட்டேன் என்கிறார்.

இதற்குப் போலீஸ் வேண்டாம், பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாய் மொழியில் டி.டி.பி.எம். என்பார்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 வெள்ளிவரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை. மூன்று வருஷத்துக்குள் போட வேண்டும். எதிராளி யார், எங்கே என்று நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால் முகமில்லாத முகநூல் பக்கத்துக்கும் வெளிநாட்டுக் கடைக்கும் இது உதவாது. பதிவு எண்ணை முன்கூட்டியே பார்க்கச் சொன்னதற்கு (4-ஆம் கேள்வி) இது இன்னொரு காரணம்.

மனு எழுதத் தெரியவில்லை என்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்குப் போங்கள். தமிழிலேயே பேசலாம்.

15. வங்கி "நீங்கதானே அழுத்தினீங்க" என்று கைவிரித்துவிட்டது. அவ்வளவுதானா?

அவ்வளவு இல்லை. வங்கியின் இறுதி முடிவை எழுத்தில் வாங்குங்கள். அது கிடைத்த ஆறு மாதத்துக்குள் எஃப்.எம்.ஓ.எஸ். என்ற நிதித்துறை முறையீட்டு அமைப்புக்குப் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் அந்தப் பெயரில் இயங்குகிறது. பயனீட்டாளருக்குக் கட்டணம் இல்லை.

ஆனால் ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாமல் எடுத்த பணம் வேறு, ஏமாற்றப்பட்டு நீங்களே அனுப்பிய பணம் வேறு. முதலாவதில் உங்கள் பக்கம் பலம் இருக்கும். இரண்டாவதில் ரொம்பக் கஷ்டம். என் கிரைண்டர் இரண்டாவது வகை.

16. மகனுடைய கூட்டாளி, "உன் ஏ.டி.எம். கார்டைக் கொடு, மாசம் 300 வெள்ளி தர்றேன்" என்கிறானாம். இதில் நமக்கு என்ன நஷ்டம்?

6-ஆம் கேள்வியில் திரையில் வந்த அந்தப் பெயர் உங்கள் மகனுடையதாக இருக்கும். அதுதான் நஷ்டம். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். கணக்கையோ கார்டையோ அடுத்தவருக்குக் கொடுப்பதையே குற்றமாக்கி 2024-ல் தண்டனைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது, கூட்டாளி கேட்டான்" என்று சொல்லித் தப்பிப்பது கடினம். கொடுத்துவிட்டான் என்றால் இன்றே வங்கியில் கார்டை நிறுத்துங்கள், நீங்களே கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போங்கள்.

17. "நீங்க இழந்த பணத்தை மீட்டுத் தர்றோம்" என்று ஒரு வக்கீல் அலுவலகம் வாட்சாப்பில் வந்தது. நம்பலாமா?

ஏமாந்தவர்களின் முகநூல் குழு ஒன்றில் என் கதையை எழுதியிருந்தேன். இரண்டே வாரத்தில் எனக்கும் வந்தது. தராசுச் சின்னம், கோட்டுப் போட்ட படம், "உங்க 240 வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது, ஃபைல் திறக்க 80 வெள்ளி." 240-க்கு 80! சரி, கணக்கு எண் அனுப்புங்கள் என்றேன். வங்கி ஆப்பில் போட்டு, கடைசிப் பொத்தானுக்கு முன் நிறுத்திப் பார்த்தேன். வக்கீல் அலுவலகம் எதுவும் இல்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர். அந்தத் திரையைப் படம் எடுத்து, என் பழைய ரிப்போர்ட்டோடு சேர்க்கச் சொல்லிக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். 997-ஓ போலீஸோ வங்கியோ பணத்தை மீட்டுத் தரக் கட்டணம் கேட்பதில்லை.

கிரைண்டர் இன்னும் வரவில்லை. மனைவி மிக்சியில்தான் மாவு அரைக்கிறாள், இட்லி அன்றைக்கு என்னிடம் அதிகம் பேசுவதில்லை.